குட்டிக்கு கழிச்சல், ஈரல்ல வெள்ளைப் புள்ளி, சாணி டெஸ்ட்ல ஒண்ணுமில்ல... பன்னிக்கு பிசிஆர் பாத்தா பிரயோஜனமா?

கொங்கு_வெண்பன்னி:
எல்லாருக்கும் வணக்கங்க. ஈரோடு பக்கம் சின்னப் பண்ணை, ஒயிட் யார்க்ஷயர், பாதி ஓட்டல் மிச்சம் பாதி தீவனம்னு ஓட்டிட்டு இருக்கேன். இப்ப ரெண்டு பிரச்சனை ஒண்ணா நிக்குதுங்க. குட்டி பொறந்து எட்டு பத்து நாள்ல மஞ்சளா, களிம்பு மாதிரி கழிச்சல், பெருசா சாவு இல்ல ஆனா பால் மறக்கற நேரத்துல ஒரே ஈத்துல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு நிக்குது, ஆன்டிபயாடிக் குடுத்தும் கேக்கல. இன்னொண்ணு கறிக்கு வெட்டறப்ப ஈரல்ல வெள்ளை வெள்ளையா புள்ளி, வெட்டறவர் ஈரலைத் தூக்கிப் போட்டுட்டு அதுக்கான காசைக் கழிச்சுக்கறார். சாணி கொண்டுபோய் மைக்ராஸ்கோப்ல பாத்தா "முட்டை இல்லை"ன்னு ரிப்போர்ட் வருது. கொரோனாவுக்கு எடுத்தாங்களே பிசிஆர், அதே மாதிரி சாணியில புழுவோட டிஎன்ஏவைத் தேடலாம்னு ஒருத்தர் சொன்னார். நம்ம மாதிரி பண்ணைக்கு அது உதவுமா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேனி_பண்ணை:
தம்பி, எதுக்கு அவ்வளவு செலவு. மூணு மாசத்துக்கு ஒருக்கா குடற்புழு மருந்து குடுங்க, ஐவர்மெக்டின் ஊசி ஒண்ணு போடுங்க, முடிஞ்சுது. ஜீன் டெஸ்டெல்லாம் காலேஜ்ல ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான். நான் இத்தனை வருசமா அப்படித்தான் ஓட்டறேன்.

சேலம்_வெட்:
தேனி அண்ணே, குடற்புழு நீக்கம் கட்டாயம் வேணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா எந்தப் புழுன்னு தெரியாம ஒரே மருந்தையே போட்டுட்டு இருந்தா சிலது தப்பிச்சுக்கும். சாட்டைப்புழு இருக்கே, டிரைகூரிஸ் சூயிஸ், அதுக்கு ஐவர்மெக்டின் ஊசி நம்பகமா கேக்காது. குட்டிக்கு வர்ற காக்சிடியாவுக்கு புழு மருந்து எதுவுமே வேலை செய்யாது, அது புழுவே இல்ல, ஒத்தை செல் உயிரி.

இப்ப கொங்கு சொன்ன ஈரல் விஷயம். அந்த வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் பெரிய உருண்டைப்புழு, அஸ்காரிஸ் சூம், அதோட லார்வா ஈரல் வழியா போன தடம். பன்னி முட்டையை முழுங்குது, குடல்ல பொரிஞ்சு லார்வா ரத்தத்துல ஈரலுக்குப் போவுது, அங்கருந்து நுரையீரல், இருமி முழுங்கி மறுபடி சிறுகுடலுக்கு வந்து சேர ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும், அப்புறம் வளந்து முட்டை போட மொத்தம் 6ல இருந்து 8 வாரம். அதனால ஈரல்ல புள்ளி நெறைய இருக்கறப்பவே சாணியில முட்டை இல்லாம இருக்கலாம். லேப்ல தப்பாப் பாத்தாங்கன்னு நெனைக்காதீங்க. புள்ளியும் ஒரு மாசம் சொச்சத்துல ஆறிடும், அதனால வெட்டறப்ப புதுசா புள்ளி இருக்குன்னா கடைசி சில வாரத்துலதான் முட்டையை முழுங்கியிருக்குன்னு அர்த்தம், அதாவது உங்க கடைசி கொட்டில்லயே முட்டை கெடக்கு.

இதையும் சேத்து சொல்லிடறேன், அந்த நேரத்துல சாணியில பிசிஆர் பாத்தாலும் பெருசா ஒண்ணும் வராது. லார்வா ஈரல்ல இருக்கு, சாணியில அதோட டிஎன்ஏ எங்கருந்து வரும்?

கொங்கு_வெண்பன்னி:
அப்ப பிசிஆர் வேஸ்ட்டுங்களா சார்? நான் என்னமோ அதுல எல்லாமே தெரிஞ்சுடும்னு நெனச்சேன்.

மூலக்கூறு_லேப்:
வேஸ்ட் இல்லீங்க அண்ணா. நான் வெட்டினரி பாராசைட்டாலஜில இந்த வேலைதான் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல என்ன கேள்வி கேக்கறோம்ங்கறதுதான் முக்கியம். "உருண்டைப்புழு முட்டை இருக்கா"ன்னு மட்டும் கேட்டா உப்புத் தண்ணியில மிதக்க வெச்சு மைக்ராஸ்கோப்ல பாக்கற முறையே போதும், அஸ்காரிஸ் முட்டை மேடு பள்ளமா தடிச்ச ஓட்டோட இருக்கும், சாட்டைப்புழு முட்டை ரெண்டு பக்கமும் மூடி வெச்ச மாதிரி இருக்கும், பாத்தவுடனே தெரியும். ஒரு பெண் அஸ்காரிஸ் நாளுக்கு லட்சக்கணக்குல முட்டை போடும், அதைக் கண்டுபிடிக்க ஜீன் வரைக்கும் போகத் தேவையே இல்ல.

மைக்ராஸ்கோப் திணர்ற எடங்கள் வேற. உங்க குட்டி கழிச்சலையே எடுத்துக்கோங்க. அந்த வயசு, அந்த நெறம், ஆன்டிபயாடிக் கேக்காதது, எல்லாம் சேத்துப் பாத்தா சிஸ்டோஐசோஸ்போரா சூயிஸ்னு சந்தேகம் வருது, சேலம் சார் சொன்ன குட்டி காக்சிடியாதான் அது, முன்னாடி ஐசோஸ்போரான்னு சொல்லுவாங்க. பால் குடிக்கற குட்டியோட சாணியில கொழுப்பு அவ்வளவு இருக்கும், ஸ்லைடு முழுக்க கொழுப்பு உருண்டையா தெரியும், ஊசிஸ்ட்னு சொல்ற அதோட முட்டை மாதிரி உருண்டை அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். அதோட கழிச்சல் மொதல்ல ஆரம்பிச்சுடும், ஊசிஸ்ட் பின்னாடிதான் வரும், அதுவும் ரெண்டு மூணு நாள் வந்து நின்னு மறுபடி வரும். தப்பான நாள்ல எடுத்தா நெகட்டிவ்தான். இங்க பிசிஆர் நெஜமாவே உதவும், ஏன்னா ஊசிஸ்ட் கம்மியா இருந்தாலும் டிஎன்ஏ சிக்கும், அதே சாம்பிள்ல கிரிப்டோஸ்போரிடியம்ங்கற இன்னொரு ஒத்தை செல் உயிரி இருக்கா, ஈ-கோலை, ரோட்டா வைரஸ் இருக்கான்னும் பாத்துக்கலாம். கிரிப்டோ ஊசிஸ்ட் 4, 5 மைக்ரான்தான், சாயம் போட்டுப் பாத்தாலும் இனம் பிரிக்க முடியாது. இனம் பிரிக்க உதவற 18எஸ்ங்கற ஜீனை வெச்சுப் பாத்தாத்தான் கிரிப்டோஸ்போரிடியம் சூயிஸா ஸ்க்ரோஃபாரமான்னு தெரியும். சூயிஸ் சின்னக் குட்டியில அதிகம், ஸ்க்ரோஃபாரம் பால் மறந்த பின்னாடி வர்றது, அதுக்கு தனிப் பேரே 2013லதான் வெச்சாங்க, அதுக்கு முன்னாடி வெறுமனே பன்னி ஜீனோடைப்னு சொல்லிட்டு இருந்தாங்க.

அடுத்தது தாய்ப்பன்னியில வர்ற முடிச்சுப்புழு, ஈசோஃபகோஸ்டோமம். இதோட முட்டையும் வயித்துல இருக்கற ஹையோஸ்ட்ராங்கைலஸ் முட்டையும் பாக்க ஒண்ணா இருக்கும். பழைய முறைன்னா சாணியை ஒரு வாரம் ஈரமா வெச்சு லார்வா வளத்துப் பாக்கணும். ஐடிஎஸ்-2ன்னு ஒரு டிஎன்ஏ பகுதி இருக்கு, ஒரு இனத்துக்குள்ள பெருசா மாறாது, இனத்துக்கு இனம் நல்லா மாறும், ஒவ்வொரு செல்லுலயும் நூத்துக்கணக்குல காப்பி கெடக்கும். அதைப் பெருக்கிப் பாத்தா ஒரே நாள்ல பதில்.

புதுசு_பண்ணை:
மேடம் நானும் பன்னி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். சாம்பிள் எப்படி எடுக்கணும்? எங்க ஊர்ல இருந்து லேபுக்கு ஒரு நாள் ஆகும், ஃபார்மலின்ல போட்டு அனுப்பலாமா, கெடாம இருக்கும்ல?

மூலக்கூறு_லேப்:
ஃபார்மலின் வேண்டவே வேண்டாம் தம்பி. மைக்ராஸ்கோப்புக்கு அது சரி, டிஎன்ஏவை அது ஒட்ட வெச்சு உடைச்சுடும், பிசிஆர் வராது. கீழ கெடக்கறதை அள்ளாதீங்க, கையுறை போட்டு மலக்குடல்ல இருந்து நேரா எடுங்க, சின்னக் குட்டின்னா அடி வயித்தை மெதுவா தடவுனா போடும், இல்லன்னா போட்ட உடனே மேல்பகுதியை எடுங்க. ஐஸ் பெட்டியில வெச்சு ஒரு நாள்ல வந்துடும்னா அப்படியே அனுப்புங்க, லேட் ஆகும்னா ஒரு பங்கு சாணிக்கு மூணு நாலு பங்கு சுத்தமான எத்தனால் ஊத்தி நல்லா கலக்கி அனுப்புங்க. சிலர் பொட்டாசியம் டைகுரோமேட்ல போடுவாங்க, காக்சிடியாவுக்கு அது பழக்கம்தான், ஆனா நல்லா கழுவலன்னா பிசிஆரை அதுவே நிறுத்திடும்.

லேப்ல ரெண்டு கேள்வி கேளுங்க, தயங்காதீங்க. ஒண்ணு, மணி போட்டு அடிச்சு முட்டையை ஒடைக்கறீங்களான்னு. கண்ணாடி, சிர்கோனியா மணி போட்டு வேகமா குலுக்கற மெஷின் இருக்கும். அஸ்காரிஸ் முட்டை ஓடு அப்படி ஒரு ஓடு, மண்ணுல வருசக்கணக்குல தாங்கறது, வெறும் கெமிக்கல் ஊத்துனா ஒடையாது, உள்ள டிஎன்ஏ வெளிய வராது, நெகட்டிவ்னு ரிப்போர்ட் வந்துடும். ரெண்டாவது, இன்டர்னல் கன்ட்ரோல் போடறீங்களான்னு. சாணியில பித்த உப்பு, தீவனத்தோட மிச்சம்னு பிசிஆர் என்சைமை மடக்கற சமாச்சாரம் நெறைய. தெரிஞ்ச டிஎன்ஏ கொஞ்சம் சேத்து ஓட்டி அது வருதான்னு பாக்கலன்னா, புழு இல்லாத நெகட்டிவா இல்ல டெஸ்டே ஓடாத நெகட்டிவான்னு யாருக்கும் தெரியாது.

தேனி_பண்ணை:
சரிம்மா, கேக்கறேன். கொரோனா டைம்ல சிடி வேல்யூ கம்மியா இருந்தா வைரஸ் அதிகம்னாங்க. அதே மாதிரி பன்னியில சிடி வேல்யூ பாத்து எத்தனை புழு இருக்குன்னு சொல்லிட முடியுமா? சொல்லிட முடியும்னா நானும் பாக்கறேன், எந்த பன்னிக்கு மருந்து வேணும்னு அதை வெச்சே முடிவு பண்ணலாமே.

மூலக்கூறு_லேப்:
நல்ல கேள்வி ஐயா, இதைப் பத்தி எழுத ஆசை.

சிடின்னா டிஎன்ஏ மெஷினுக்குத் தெரியற அளவுக்கு வர எத்தனை சுத்து பெருக்க வேண்டியிருந்துச்சுங்கற எண். கணக்குப்படி சிடி 3.3 கொறஞ்சா டிஎன்ஏ பத்து மடங்கு அதிகம். ஆனா டிஎன்ஏவை முட்டையா மாத்தறப்பதான் சிக்கல். அஸ்காரிஸ் முட்டை வெளிய வர்றப்ப அதுக்குள்ள ஒரே ஒரு செல்தான் இருக்கும். சூடா கெடந்தா பிரிய ஆரம்பிச்சு ரெண்டு, நாலு, எட்டுன்னு போய் கடைசியில லார்வாவே உருவாகிடும், அப்ப ஒரே முட்டைக்குள்ள நூத்துக்கணக்கான செல். அதே முட்டை, அதே எண்ணிக்கை, சாணி வெயில்ல கெடந்ததால மட்டும் சிடி எறங்கிடும். குளிர்ல வெச்சு அனுப்பச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுல இன்னொரு ஆச்சரியம் இருக்கு. அஸ்காரிஸ் கரு வளர்றப்ப தன்னோட டிஎன்ஏவுல ஒரு பகுதியை உடம்பு செல்லுல இருந்து வேணும்னே வெட்டி எறிஞ்சுடும், முட்டை விந்து உண்டாக்கற செல் வரிசையில மட்டும் முழுசா வெச்சுக்கும். இந்த மாதிரி டிஎன்ஏவைக் கழிக்கறதை 1887லயே தியோடர் போவரி குதிரையோட உருண்டைப்புழுவுல பாத்து எழுதினார். அஸ்காரிஸ் சூம்ல கிட்டத்தட்ட 13 சதவீதம் இப்படிப் போவுது, அதுல பெரும்பகுதி 121 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வர்றது. இப்ப யோசிங்க, புதுசா வந்த முட்டையில இந்தத் துண்டு ஏராளமா இருக்கும், அதைத் தேடற மாதிரி பிசிஆர் வெச்சா ஐடிஎஸ்சை விட ரொம்ப நுணுக்கமா பிடிக்கும். 2011ல அஸ்காரிஸ் சூமோட முழு ஜீனோம் வெளிவந்தது, 2014ல சாட்டைப்புழுவோடது, அதுக்கப்புறம் இந்த மாதிரி எடத்தைத் தேடிப் பிடிக்கறது ரொம்ப சுலபமாச்சு. 

அதனால ஐயா, சிடியை வெச்சு "அதிகம், நடுத்தரம், கம்மி"ன்னு ஒரே பண்ணைக்குள்ள ஒப்பிடலாம். புழுவை எண்ணிச் சொல்ல முடியாது.

சேலம்_வெட்:
மேடம் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, பண்ணைக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பன்னி மண்ணையும் சாணியையும் கிளறித் திங்கற பிராணி. அடுத்த பன்னியோட சாணியில இருக்கற முட்டையை முழுங்கும், இன்னும் லார்வா உண்டாகாத முட்டைன்னா பொரியாம அப்படியே குடல் வழியா வெளிய வந்துடும். இந்தப் பன்னிக்குள்ள புழுவே இருக்காது, சாணியில மட்டும் முட்டை இருக்கும். மைக்ராஸ்கோப்ல இது கிராமுக்கு 200க்குக் கீழ முட்டை எண்ணிக்கையா வரும், அந்த அளவை நாங்க சந்தேகத்தோடதான் பாப்போம். பிசிஆர் இதைவிட நுணுக்கம், அதனால இந்தக் கடந்துபோற முட்டையையும் விடாம பிடிச்சு பாசிட்டிவ்னு சொல்லும்.

அதே மாதிரி எல்லாத்தையும் தேடற பேனல் போட்டா பாலன்டிடியம், பிளாஸ்டோசிஸ்டிஸ், என்டமீபான்னு ஒத்தை செல் உயிரிங்க வரிசையா பாசிட்டிவ் வரும். பாலன்டிடியம் பன்னியோட பெருங்குடல்ல சும்மா குடியிருக்கறது, நல்லா இருக்கற பன்னியிலயும் இருக்கும். அந்த லிஸ்டைப் பாத்து பயந்து ஒவ்வொண்ணுக்கும் மருந்து வாங்கினா காசுதான் போகும். கழிச்சல் இருக்கற குட்டி, இல்லாத குட்டி, ரெண்டுலயும் சாம்பிள் எடுங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்தா அது காரணமா இருக்க வாய்ப்பு கம்மி.

வளர்ற பன்னியில சளியும் ரத்தமும் கலந்து கழிச்சல்னா மட்டும் தாமதிக்காதீங்க. சாட்டைப்புழு முட்டை போடறதுக்கு முன்னாடியே ரத்தக் கழிச்சல் ஆரம்பிச்சுடும், பிராக்கிஸ்பைரா பாக்டீரியாவும் அதே மாதிரிதான் காட்டும், லாசோனியாங்கற இன்னொரு பாக்டீரியாவாலயும் வரும். மூணுக்கும் மருந்து வேற வேற. பிராக்கிஸ்பைராவும் லாசோனியாவும் லேப்ல வளக்கறது கஷ்டம், பிசிஆர்தான் வழி.

அசாம்ல_இருக்கேன்:
வேலை விஷயமா வடகிழக்குல இருக்கேன், இங்க வீட்டுக்கு வீடு பன்னி. இங்க இன்னொரு ஆள் உண்டு, ஃபேசியோலாப்சிஸ் பஸ்கி, பெரிய குடல் தட்டைப்புழு. குளத்துல வளர்ற சிங்காடா மாதிரி நீர்ச்செடியில ஒட்டிட்டு வரும், மனுசனுக்கும் வரும். இதோட முட்டை கனமானது, உப்புத் தண்ணியில மிதக்காது, படிய வெச்சுப் பாக்கணும். அப்படியே கெடைச்சாலும் மாட்டு ஈரல் தட்டைப்புழு முட்டை மாதிரியே இருக்கும். ஷில்லாங்ல வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்துல பன்னியில இருந்து எடுத்த புழுவை ஐடிஎஸ் வெச்சு உறுதிப்படுத்தியிருக்காங்க. குளத்துச் செடியைப் பன்னிக்குப் போடறவங்க இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

கொங்கு_வெண்பன்னி:
மனுசனுக்கும் வரும்னு சொன்னதும் ஒரு கவலைங்க. எங்க வீட்டுக் குழந்தைங்க கொட்டில் பக்கமே வெளையாடும். பன்னியோட உருண்டைப்புழு குழந்தைக்கு வருமா?

மூலக்கூறு_லேப்:
வரும் அண்ணா. ரொம்ப நாளா மனுசனுக்கு அஸ்காரிஸ் லம்பிரிகாய்டிஸ், பன்னிக்கு அஸ்காரிஸ் சூம், ரெண்டும் வேறன்னு சொல்லிட்டு இருந்தாங்க. கண்ணால பாத்துப் பிரிக்கவே முடியாது. டென்மார்க்ல மனுசங்ககிட்ட இருந்து வந்த புழுவை டிஎன்ஏ பாத்தப்ப அது பன்னி வகைன்னு தெரிஞ்சுது, 2005ல வெளியிட்டாங்க. அங்க சுகாதாரம் நல்லாருக்கற நாடு, மனுசனுக்கு மனுசன் பரவ வழியே கம்மி, அப்படி இருந்தும் வந்திருக்குன்னா பன்னி எருவைத் தவிர வேற எங்கருந்து?

ஜியார்டியாங்கற குடல் ஒத்தை செல் உயிரியும் இப்படித்தான், அசெம்ப்ளேஜ்னு சொல்ற உள்வகையில ஈ-ன்னா குளம்பு பிராணிகளோடது, ஏ, பி-ன்னா மனுசனுக்கும் வரக்கூடியது, மைக்ராஸ்கோப்ல எல்லாம் ஒண்ணுதான். என்டரோசைட்டோசூன் பீனியூசின்னு ஒரு மைக்ரோஸ்போரிடியா, அதாவது செல்லுக்குள்ள வாழற ரொம்பச் சின்ன ஒட்டுண்ணி இருக்கு, பன்னியில சாதாரணமா இருக்கறது, எதிர்ப்பு சக்தி கொறைஞ்ச மனுசங்களுக்கு ஆபத்து. அதோட ஸ்போர் ஒண்ணு, ஒண்ணரை மைக்ரான்தான், ஜீன் முறை இல்லாம அதைத் தேடறது பெரும்பாடு.

குழந்தைங்க கையை சோப்பு போட்டுக் கழுவணும், காய்கறித் தோட்டத்துக்குப் புது பன்னி எருவைப் போடாதீங்க, நல்லா மக்கவெச்சு உள்ள சூடு ஏறின பின்னாடி போடுங்க.

கொங்கு_வெண்பன்னி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வயசு வாரியா எடுத்து, அஞ்சு பன்னி சாணியை ஒரு சாம்பிளா கலந்து அனுப்பினேன், ஈரல் புள்ளிக்காக வளர்ற பன்னியையும் தாய்ப்பன்னியையும் சேத்தேன். ரிப்போர்ட் வந்துடுச்சு. கழிச்சல் இருந்த குட்டி சாம்பிள்ல சிஸ்டோஐசோஸ்போரா பாசிட்டிவ், நல்லாருந்த ஈத்துல நெகட்டிவ், கிரிப்டோ ரெண்டுலயும் இல்ல. வளர்ற பன்னியில அஸ்காரிஸ் பாசிட்டிவ். தாய்ப்பன்னியில ஈசோஃபகோஸ்டோமம் பாசிட்டிவ், ஆனா அஸ்காரிஸ் இல்ல. ஈரலுக்கு என்ன பண்ணட்டும், குட்டிக்கு என்ன பண்ணட்டும்?

சேலம்_வெட்:
ரொம்ப நல்ல ரிப்போர்ட், இதை வெச்சு தெளிவா வேலை பண்ணலாம்.

குட்டிக்கு: சிஸ்டோஐசோஸ்போரா தாய்கிட்ட இருந்து வர்றது கம்மி, ஈத்துக் கொட்டில்ல முந்தின ஈத்து விட்டுட்டுப் போனதுதான். குட்டிக்காக நாம வெக்கற சூட்டுல ஊசிஸ்ட் ஒரு நாளுக்குள்ளயே தொத்தற நெலைக்கு வந்துடும். அதனால தெனமும் சாணியை வழிச்சு எடுக்கறது எந்த மருந்தை விடவும் முக்கியம். சாதாரண கிருமிநாசினிக்கு இது சாகாது. ஈத்து முடிஞ்சு காலியானதும் சோப்பு போட்டுத் தேச்சு, கொதிக்கிற தண்ணியோ நீராவியோ இல்ல நெருப்புத் துப்பாக்கியோ காட்டி, முழுசா காய விடுங்க. அடுத்த ஈத்துக்கு 3ல இருந்து 5 நாள் வயசுல டோல்ட்ரசூரில், கிலோவுக்கு 20 மி.கி, வாய்வழியா ஒரே தடவை. கோழி மருந்தை வாங்கி நீங்களா அளந்து ஊத்தாதீங்க, உங்க டாக்டரை வெச்சு பண்ணுங்க. இப்ப குடுத்துட்டு இருக்கற ஆன்டிபயாடிக்கையும் அவர்கிட்ட காட்டி நிறுத்திடுங்க, அதுக்கு இங்க வேலையே இல்ல.

ஈரலுக்கு: தாய்ப்பன்னியில அஸ்காரிஸ் இல்ல, வளர்ற பன்னியில இருக்கு, அப்ப முட்டை கெடக்கறது வளர்ப்புக் கொட்டில்லதான். தரையில வெடிப்பு இருந்தா பூசுங்க, முட்டை ஒட்டிக்கற ரகம், வெடிப்புக்குள்ள போனா கழுவி எடுக்க முடியாது. ஃபென்பெண்டசோல் தீவனத்துல கலந்து சில நாள் தொடர்ந்து குடுக்கறது ஒரே நாள் குடுக்கறதை விட நல்லது, சாட்டைப்புழு இருந்தாலும் அதுக்கும் சேத்து ஆகும். பன்னியை புதுக் கொட்டிலுக்கு மாத்தறதுக்கு முன்னாடி குடுங்க, மாத்தின பின்னாடி குடுத்தா அந்தக் கொட்டிலும் கெட்டுடும். ஈரல் புள்ளி உடனே நிக்காது, தரையில ஏற்கனவே கெடக்கற முட்டை தீர்றவரைக்கும் வரும், ஒவ்வொரு வெட்டுலயும் எத்தனை ஈரல்ல புள்ளின்னு எழுதி வைங்க.

தாய்ப்பன்னிக்கு ஈனறதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடி குடற்புழு நீக்கம் பண்ணிட்டு, குளிப்பாட்டி ஈத்துக் கொட்டிலுக்குக் கொண்டுவாங்க.

தேனி_பண்ணை:
இவர் ரிப்போர்ட்டைப் பாத்தா, நான் சொன்ன ஐவர்மெக்டின் குட்டி கழிச்சலுக்கு ஒண்ணும் பண்ணியிருக்காதுன்னு தெரியுது. நானும் அடுத்த மாசம் அனுப்பறேன். மருந்து குடுத்த பின்னாடி வேலை செஞ்சுதான்னு எப்ப மறுபடி டெஸ்ட் பாக்கணும்?

மூலக்கூறு_லேப்:
ஐயா, மருந்து குடுத்த மறுநாளே பிசிஆர் பாக்காதீங்க. செத்த புழு செரிச்சு வெளிய வர்றப்ப அதோட டிஎன்ஏவும் வரும், பிசிஆருக்கு உசுரோட இருக்கறது செத்தது வித்தியாசம் தெரியாது. மருந்துக்கு முன்னாடி ஒரு சாம்பிள், குடுத்து 10ல இருந்து 14 நாள் கழிச்சு அதே பன்னிங்ககிட்ட ஒரு சாம்பிள், ரெண்டுலயும் மைக்ராஸ்கோப்ல கிராமுக்கு எத்தனை முட்டைன்னு எண்ணச் சொல்லுங்க. அதுக்கு மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு போதும். குடுத்த பின்னாடியும் முட்டை நின்னுச்சுன்னா அந்த ரெண்டாவது சாம்பிளை ஐடிஎஸ்-2 பிசிஆருக்கு அனுப்புங்க, எந்த இனம் மருந்துக்கு அடங்காம நிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். முடிச்சுப்புழுவுல பைரன்டெல், லெவமிசோல் கேக்காமப் போனது வெளிநாட்டுல பதிவாகியிருக்கு. ஐஸ் பெட்டிக்குள்ள வெக்கற டப்பா மேல பன்னியோட காது நம்பரையும் வயசையும் மருந்து குடுத்த தேதியையும் பென்சில்ல எழுதுங்க, எத்தனால் பட்டா பேனா மை அழிஞ்சுடும்.